பழைய காரில் பெட்ரோல் அடைப்பு: இடத்தைக் கண்டுபிடிப்பதும் திரும்ப வராமல் தடுப்பதும்

கிளாசிக் கார் வைத்திருப்பவர்களில் இந்தத் தொல்லையைச் சந்திக்காதவர் குறைவு. வீட்டில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் சமர்த்தாக ஓடும். தெருவைச் சுற்றி வந்தாலும் குறையில்லை. பெரிய சாலையில் ஏறி வேகம் பிடித்துக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் திணறும். கடைசியில் நின்றே விடும். ஓரங்கட்டிச் சற்று நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும்.

உடனே கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பகுதி) கழற்றுவதுதான் பலரும் செய்கிற முதல் வேலை. பழைய கார்புரேட்டரில் அழுக்கு இல்லாமல் போகுமா? இருக்கும். துடைத்து, ஊதி மாட்டினால் ஒரு வாரம் ஓடும். அப்புறம் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். ஏனென்றால் அழுக்கு வந்து அடைத்த இடம் ஒன்று, அது புறப்பட்ட இடம் வேறொன்று. அடைப்பை எடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. எடுத்த அழுக்கைக் கையில் வைத்துப் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்று டேங்க் வரை பின்னோக்கிப் போக வேண்டும்.

பெட்ரோல் வரும் பாதை

கார்புரேட்டர் வண்டிகளில் பாதை எளிமையானது. டேங்கின் அடிப்பகுதியில் ஓர் உறிஞ்சு குழாய். அதன் நுனியில் பெரும்பாலும் ஒரு சின்ன வலை. அங்கிருந்து வண்டியின் அடிவயிற்றோடு ஒரு உலோக டியூப். அது பம்பை அடையும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ். பம்பைத் தாண்டி ஒரு ஃபில்டர், கார்புரேட்டரின் நுழைவாயில், பெட்ரோலை அளவோடு உள்ளே விடும் நீடில் வால்வு, அது சேர்ந்து நிற்கும் சின்னத் தொட்டியான ஃப்ளோட் சேம்பர், கடைசியாக ஜெட்டுகள் எனும் நுண்துளைப் பித்தளைத் துண்டுகள்.

உங்கள் வண்டியில் பம்ப் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஜிபி காரில் எஸ்யு கம்பெனி மின்பம்ப் பின்பக்கம் டேங்குக்கு அருகே இருக்கும். மோரிஸ் மைனரில் அதே கம்பெனி பம்ப் இன்ஜின் அறையின் பின்சுவரில். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் இன்ஜினிலேயே மாட்டிய மெக்கானிக்கல் பம்ப்; டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால், ஆக வண்டியின் முழு நீளத்துக்கும் அது பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ளது உறிஞ்சும் பக்கம், பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ளது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் சொட்டும், கண்ணில் படும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் சொட்டாமலே காற்றை இழுக்கும். அடைப்பு போலவே நடிக்கும் கோளாறு அது.

இன்னொரு விஷயம், இந்த பம்புகளுக்கு வலு குறைவு. 2 முதல் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் என்பதே பெரும்பாலான கார்புரேட்டர் வண்டிகளின் கணக்கு. எஸ்யு கார்புரேட்டர்களுக்கு இன்னும் குறைவு போதும். இவ்வளவு மெல்லிய விசையைத் தடுக்க ஒரு கைப்பிடித் துருவே அதிகம்.

வேகமாகப் போகும்போது மட்டும் ஏன் நிற்கிறது? ஐடிலில், அதாவது மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கிற வண்டி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 17 மில்லிதான் ஆகிறது. அதே வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், 100 கி.மீ.க்கு 10 லிட்டர் என்ற கணக்கில் ஓடினால் நிமிடத்துக்கு சுமார் 170 மில்லி வேண்டும். பத்து மடங்கு. பாதி அடைத்த ஃபில்டர் முதல் கணக்குக்குத் தாராளமாகப் போதும், இரண்டாவதற்குப் போதாது. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து இன்ஜினை உறுமவிட்டு ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்வதால் எதுவும் நிரூபணமாகாது.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே இறங்கித் தரையோடு பரவும், பள்ளத்தில் தேங்கும். அதனால் இந்த வேலையை வெட்ட வெளியில் செய்யுங்கள். சர்வீஸ் குழிக்குள் இறங்கி வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கட்டும். பரிசோதனைக்கு மின்சாரம் தேவைப்படும் நேரம் தவிர பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வையுங்கள். கண்ணாடி பல்பு போட்ட கைவிளக்கு உடைந்தால் அதுவே தீப்பொறி. எல்இடி டார்ச் போதும். எரியும் திரவத்துக்கான தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது நுரையீரலுக்குள் போனால் விளைவு மோசம்.

பெட்ரோல்தான் காரணமா?

இக்னிஷன், அதாவது தீப்பொறி தரும் மின்பகுதியின் கோளாறும் அச்சு அசலாக இதே மாதிரி நடந்துகொள்ளும். சூடேறினால் படுத்துவிடும் காயில், பழுதான கண்டன்சர், இரண்டுமே ஆறியதும் உயிர் பெறும். வித்தியாசம் நிற்கும் விதத்தில் இருக்கிறது. மின்சாரம் போனால் சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கும், அல்லது வெட்டி வெட்டி இழுக்கும். வண்டி இன்னும் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே மின் டாக்கோமீட்டரின் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) முள் கீழே விழுந்தால் சந்தேகம் காயில் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் குறைந்தால் அப்படி நடக்காது. முதலில் இழுவை மங்கும், அலை அலையாக ஏறி இறங்கும், மிதியை விட்டால் கொஞ்சம் தேறும், மறுபடி மிதித்தால் படுக்கும்.

ஓட்டும்போதே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கையால் இழுக்கும் சோக் (கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் குமிழ்) இருந்தால், இன்ஜின் திணற ஆரம்பித்ததும் அதைக் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். தேறி இழுத்தால் பெட்ரோல் பற்றாக்குறை என்று ஏறக்குறைய உறுதி. மோசமானால் வேறு பக்கம் தேடலாம்.

வண்டி நின்றதும் செய்ய வேண்டியதுதான் முக்கியம், பெரும்பாலானோர் தவறவிடுவதும் அதைத்தான். திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். அடித்தால் பம்ப் ஃப்ளோட் சேம்பரை நிரப்பிவிடும், சாட்சி கலைந்துவிடும். நின்ற கையோடு இக்னிஷனை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி கையால் திராட்டிலைத் திறங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் (மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன பம்ப்) உள்ள கார்புரேட்டர் என்றால் பெட்ரோல் ஊசியாகப் பீய்ச்ச வேண்டும். எஸ்யு, ஸ்ட்ராம்பெர்க் வகைகளில் அந்த பம்ப் கிடையாது. அவற்றில் சேம்பர் மூடியின் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்துவிடலாம். சேம்பர் நிறைந்திருந்தால் தவறு ஜெட்டிலோ இக்னிஷனிலோ. காலியாக இருந்தால் அதற்கு முந்திய பாதையில். இந்த ஒரு பார்வையில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது.

வேப்பர் லாக் என்று ஒன்று இருக்கிறது. டியூபிலோ பம்பிலோ பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை மறிப்பது. நெரிசலில் ஊர்ந்த பிறகோ, சூடான இன்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பும்போதோ வரும். பம்பின் மேலும் டியூபின் மேலும் ஈரத்துணி சுற்றினால் சீக்கிரம் தெளியும். ஆனால் இதை மட்டும் பழி சொல்லி முடித்துவிடாதீர்கள். உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு இருந்தால் அங்கே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். வேப்பர் லாக் என்று முடிவுகட்டி, வெப்பத் தடுப்புத் தகடெல்லாம் மாட்டிய வண்டிகளில் டேங்கின் வலை அடைத்திருப்பது உண்டு.

படிப்படியாகத் தேடுதல்

மலிவான, சுலபமான சோதனையில் ஆரம்பித்து உள்ளே போவோம்.

முதல் படி, டேங்க் மூடி. பெட்ரோல் வெளியேறிய இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். மூடியிலோ தனிக் குழாயிலோ அதற்கான துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. வண்டி நின்றதும் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டியும் கிளம்பினால் கோளாறு அகப்பட்டுவிட்டது. துளையில்லாத மூடி சில மாடல்களுக்குச் சரியானது, சிலவற்றுக்குத் தவறானது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். புது மூடி வாங்கிப் போட்ட பிறகு இந்தத் தொல்லை ஆரம்பித்திருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இரண்டாவது, ஃபில்டர். பார்த்தால் சுத்தமாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். காகித ஃபில்டரில் நுண்ணிய துரு கண்ணுக்குத் தெரியாமலே அடைக்கும். கழற்றி, வரும் வாய் வழியாகவே உள்ளிருப்பதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் தட்டிக் கொட்டுங்கள். அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், சற்றுப் பிறகு வேலைக்கு ஆகும். கண்ணாடி ஃபில்டரில் பாதிதான் பெட்ரோல் தெரிகிறது என்று பலர் பதறுவார்கள். பெரும்பாலும் அது சாதாரணம்; மேலே கொஞ்சம் காற்று நிற்கத்தான் செய்யும்.

மூன்றாவது, பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பது. கார்புரேட்டரில் நுழையும் ஹோஸைக் கழற்றி, அளவு குறித்த பாத்திரம் ஒன்றுக்குள் விடுங்கள். மின்பம்ப் என்றால் இக்னிஷனைப் போடுங்கள். மெக்கானிக்கல் பம்ப் என்றால் காயிலின் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, உதவிக்கு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்; பெட்ரோல் வெளியே வரும் நேரத்தில் தீப்பொறி இருக்கக்கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இடையிடையே ஓய்வு கொடுங்கள். எஸ்யு மாதிரி மின்பம்ப் ஒரு நிமிடத்தில் அரை லிட்டரைத் தர வேண்டும். மெக்கானிக்கல் பம்பில் ஒவ்வொரு துடிப்புக்கும் நல்ல வீச்சோடு பீய்ச்ச வேண்டும். அளவுக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள்.

அளவோடு குமிழியையும் கவனியுங்கள். நிறைய வந்தும் நுரைத்து வந்தால் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று பிடிக்கிறது. மெக்கானிக்கல் பம்பின் மேல் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதன் கார்க் கேஸ்கெட் முதல் குற்றவாளி, காய்ந்து சுருங்கியிருக்கும். எஸ்யு பம்பின் சத்தமும் சேதி சொல்லும். சேம்பர் நிறைந்ததும் டிக்டிக் நிற்க வேண்டும். நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் காற்று பிடிக்கிறது, அல்லது டேங்க் காலி. மெதுவாக, சிரமப்பட்டு அடித்துச் சூடேறினால் உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு. மெக்கானிக்கல் பம்ப் வைத்திருப்பவர்கள் ஆயில் டிப்ஸ்டிக்கையும் எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் எனும் சவ்வு கிழிந்து ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கலாம். அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டக்கூடாது.

நான்காவது படியை நான் மிகவும் நம்புவேன். ஒரு தற்காலிக டேங்க். படகு மோட்டார்களுக்கு வரும் சின்ன டேங்க், கையால் அழுத்தும் பந்து வைத்த ஹோஸோடு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அதைப் பம்பின் நுழைவாயில் மாட்டி, சாயாமல் விழாமல் கட்டி வைத்து, காருக்கு வெளியிலிருந்து பம்ப் இழுக்கட்டும். ஜாக் ஸ்டாண்டிலோ, ஆளில்லாத இடத்தில் சிறு ஓட்டத்திலோ சுமை கொடுத்துப் பாருங்கள். காருக்குள் பயணி அறையில் மட்டும் வைக்காதீர்கள். தொல்லை மறைந்தால் பம்பும் கார்புரேட்டரும் நிரபராதிகள். குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். மறையவில்லை என்றால் பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை.

ஐந்தாவது, டியூபை ஊதுவது. பம்பிலிருந்து டியூபைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, டேங்கை நோக்கிக் காற்றை விடுங்கள். மிதிவண்டி பம்ப் போதும். டேங்குக்குள் குமிழிச் சத்தம் தங்குதடையின்றிக் கேட்க வேண்டும். முதலில் அழுத்தி, பிறகு ‘பொளக்’ என்று விட்டுக்கொடுத்தால் வலையில் அப்பியிருந்த ஏதோ விலகியிருக்கிறது. விலகியதே தவிர வெளியே போகவில்லை, டேங்குக்குள்தான் கிடக்கிறது. கம்ப்ரசரின் முழு அழுத்தத்தைக் கொடுத்தால் வலை கிழியும், பெட்ரோல் முகத்தில் அடிக்கும். பம்பின் வழியாகவும் ஊதக்கூடாது, வால்வுகள் கெடும்.

நின்று காத்திருந்தால் கிளம்பும் மர்மத்துக்கு விடை பெரும்பாலும் இந்த வலையில்தான். இழுவை இருக்கும்வரை துருவும் பிசினும் வலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் நின்றதும் இழுவை போய்விடும், அழுக்கு உதிர்ந்து டேங்கின் அடியில் படியும். மறுபடி பாதை திறக்கும். ஓட ஆரம்பித்ததும் மறுபடி ஒட்டும்.

ஆறாவது, ரப்பர் ஹோஸ்கள். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸ் உள்ளே வீங்கியோ தோலுரிந்தோ இருக்கலாம். உள் படலம் பிய்ந்து நாக்கு மாதிரி தொங்கினால் ஒரு திசையில் காற்று போகும், மறு திசையில் அடைக்கும். முந்தைய படியில் ஊதியபோது தாராளமாகப் போனது என்பதால் ஹோஸ் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் ஊதியது டேங்கை நோக்கி. பெட்ரோல் வருவது எதிர்த்திசையில். சந்தேகப்படும் ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் பிளந்து பார்ப்பதுதான் ஒரே வழி. எப்படியும் பழைய ஹோஸ் குப்பைக்குத்தான் போகப்போகிறது.

ஜெட் அடைப்பின் நேரக்கணக்கு

கார்புரேட்டருக்குள் இருக்கும் அடைப்பையும் அதற்கு முந்திய அடைப்பையும் நேரம் காட்டிக்கொடுக்கும். மெயின் ஜெட் அடைத்திருந்தால் மிதித்த அந்த நொடியே இழுவை இருக்காது, காத்திருக்க வேண்டியதில்லை. ஃபில்டரோ வலையோ அடைத்திருந்தால் ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் இருப்பு தீரும்வரை நன்றாக ஓடி, பிறகு படுக்கும். ஐடில் ஜெட் அடைத்தால் தலைகீழ்: வேகத்தில் நன்றாக இருக்கும், சிக்னலில் நிற்கும்போது அணையும். நீடில் வால்வில் துகள் சிக்கினால் பெட்ரோல் வழிந்து ஊற்றும். அடைப்பு தேடி வந்த இடத்தில் வழிதலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் அப்பன் ஒரே துருதான்.

ஜெட்டில் கம்பி விடாதீர்கள். வெபர் கம்பெனி கார்புரேட்டர் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். அடுத்த அளவு 125, அதாவது 0.05 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பித்தளை மென்மையானது, ஸ்டீல் கம்பியால் இரண்டு முறை குடைந்தால் நீங்கள் வேறு ஜெட் வாங்கி மாட்டியதற்குச் சமம், அதுவும் கோணலான ஜெட். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிடிவாதமான பிசினுக்கு நைலான் இழை போதும். கார்புரேட்டரின் நுழைவாயிலிலேயே ஒரு சின்ன வலை ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெபர் டிசிஓஇ வகையில் அது உண்டு, அது இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு.

அழுக்கைப் படித்தல்

இப்போது அந்த வெள்ளைக் காகிதத்தை எடுங்கள். பெட்ரோல் முழுக்க ஆவியானதும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

டீத்தூள் மாதிரி செம்பழுப்புத் துகள் என்றால் துரு. காகிதத்தின் அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். துகள்கள் கூடவே நகரும். சில துருத்துகள்கள் காந்தத்துக்குச் சரியாக வராது என்பதால் நகரவில்லை என்று உடனே விடுதலை கொடுத்துவிடாதீர்கள். துரு டேங்கின் மேல்பாகத்திலிருந்து வருவது அதிகம். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் தொடாத மேல் சுவரில் ஈரம் படிந்து துருவேறுகிறது. மூடி வழியே டார்ச் அடித்து அடியை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

தேன் நிறத்தில் ஒட்டும் பிசினாக இருந்து, புளித்த பெயின்ட் வாடை அடித்தால் பழைய பெட்ரோல் காய்ந்து உறைந்தது. இது ஒரே இடத்தில் இருக்காது. வலை, பம்ப் வால்வு, ஜெட் எல்லாவற்றிலும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். ஓரிடத்தை மட்டும் கழுவிப் பயனில்லை.

கறுப்புத் துணுக்கு, விரலால் நசுக்கினால் மை போல ஒட்டுகிறது என்றால் ரப்பர். ஏதோ ஒரு ஹோஸ் உள்ளிருந்து கரைகிறது. டேங்க் பக்கம் போக வேண்டியதில்லை, ஹோஸ் அத்தனையும் மாற்றினால் முடிந்தது.

வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொடி, சில சமயம் கூழ் போல. ஃப்ளோட் சேம்பரின் அடியில்தான் இதை அதிகம் பார்க்கலாம். நீர் கலந்த பெட்ரோல் துத்தநாக, அலுமினிய வார்ப்பை அரித்த மிச்சம். இதற்கு மருந்து தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பார்ப்பது: மூடியின் வாஷர், பெட்ரோல் ஊற்றும் கழுத்தின் ரப்பர், அல்லது பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலே இழுத்துக்கொண்டு வந்த ஈரம்.

தோல் தோலாக, படலமாக உரிந்து வந்தால் முன்பு யாரோ டேங்குக்குள் பூசிய சீலர், அதாவது ஓட்டை அடைக்கும் பூச்சு. இதுதான் எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது. பழைய சீலர்களில் பல எத்தனாலைத் தாங்காது. உரிய ஆரம்பித்தால் உரிந்துகொண்டே இருக்கும். முழுக்க எடுத்தாக வேண்டும்.

டேங்கைச் சுத்தம் செய்தல்

துரு என்று உறுதியானால் டேங்கைக் கழற்றாமல் தப்ப முடியாது. வண்டியிலேயே வைத்துக் கழுவுவது, வலையை வெட்டி எறிந்துவிட்டு ஃபில்டரை மட்டும் அடிக்கடி மாற்றுவது எல்லாம் தள்ளிப்போடும் வேலைகள்.

பெட்ரோலை முழுதும் வடித்து, உறிஞ்சு குழாயையும் பெட்ரோல் மீட்டரின் மிதவையையும் கழற்றுங்கள். வெந்நீரும் சோப்பும் விட்டுப் பலமுறை அலசினால் பிசினும் எண்ணெயும் போகும். பிறகு ஒரு நீளச் சங்கிலியையோ கைப்பிடி நட்டுகளையோ உள்ளே போட்டு, எல்லாப் பக்கமும் புரட்டிப் புரட்டிக் குலுக்குங்கள். நட்டை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் ஒன்று மாட்டிக்கொள்ளும். சங்கிலி அந்த வகையில் நல்லது, நுனியைப் பிடித்து இழுத்தால் முழுதும் வந்துவிடும்.

உதிராத துருவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசலோ பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியோ போதும். டேங்க் முழுக்க நிரப்பி, இரவு முழுக்க விட்டு, அவ்வப்போது பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும், அதனாலேயே வேண்டாம்: பழைய டேங்குகளின் ஈயம், தகரம் கலந்த பூச்சையும் தகட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். முடிந்ததும் சமையல் சோடா கலந்த நீரால் அலசி அமிலத்தை முறியுங்கள். அதன்பின் காயவைப்பதில்தான் பலர் கோட்டைவிடுவது. சுத்தமான இரும்பு ஈரத்தில் கண்ணெதிரே மஞ்சளாகத் துருவேறும். தண்ணீரை வடித்ததும் ஸ்பிரிட் விட்டுச் சுழற்றி வடித்து, காற்றோட்டத்தில் காயவைத்து, உடனே கொஞ்சம் பெட்ரோலோ மெல்லிய எண்ணெயோ விட்டு உட்புறம் முழுக்கப் படும்படி உருட்டுங்கள். ஹீட் கன், தீ எதுவும் அருகே வரக்கூடாது. காலி டேங்கில் வெல்டிங் வைப்பது நிறைந்த டேங்கில் வைப்பதைவிட ஆபத்து. கழுவிய டேங்கிலும் மடிப்புகளுக்குள் ஆவி ஒளிந்திருக்கும். அந்த வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

சீலர் பூசலாமா? ஊசித்துளை விழுந்து, புது டேங்கும் கிடைக்காது என்றால் பூசுங்கள், எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து. உறிஞ்சு குழாய், காற்றுக் குழாய் இரண்டின் வாயையும் அடைத்துக்கொண்டு பூசுங்கள். இல்லாவிட்டால் நீங்களே நிரந்தர அடைப்பு ஒன்றைத் தயாரித்த மாதிரி ஆகும். தகடு கெட்டியாக இருந்தால் நான் பூசமாட்டேன். வெறும் தகடும் நிறைய பெட்ரோலும் போதும்.

எத்தனாலும் ஹோஸும்

இ10 என்றால் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய வண்டிக்கு இது மூன்று விதத்தில் தொல்லை. ஒன்று, அந்தக் கால ரப்பரையும் கார்க்கையும் கண்ணாடி இழை டேங்கின் பிசினையும் இது தாக்கும். இரண்டு, பல ஆண்டுகளாக டேங்கில் படிந்து அசையாமல் கிடந்த பிசினைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். ஒழுங்காக ஓடிய வண்டி திடீரென்று அடைக்க ஆரம்பிப்பதற்கு இது ஒரு காரணம். மூன்று, ஈரத்தை இழுக்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி தண்ணீர்வரை இ10 கரைத்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது.

ஹோஸ் மாற்றும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று இருந்தால் எத்தனாலுக்குத் தாங்கும். டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்10 வேண்டும். வெளியே மாட்டும் ஹோஸை உள்ளே போட்டால் வெளித்தோல் கரையும். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப் ஹோஸைக் கடிக்கும், விளிம்பு மழுங்கிய எரிபொருள் கிளாம்ப் போடுங்கள். நல்ல ஹோஸ் போட்டாலும் அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் பொருளாகவே நினையுங்கள். சூடான இன்ஜினின் மேல் பெட்ரோல் கசிந்தால் வண்டியே போய்விடும்.

ஃபில்டரை எங்கே வைப்பது

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் 70 முதல் 100 மைக்ரான் வரையிலான கரடு வலை. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் நுண்ணிய காகித ஃபில்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். உறிஞ்சும் பக்கம் நுண்ணிய ஃபில்டரை மாட்டினால் வலுவில்லாத பம்புக்கு அதுவே பாதி அடைப்பு. கண்ணாடி ஃபில்டர் அழகாக இருக்கும், அழுக்கும் தெரியும். ஆனால் இன்ஜின் சூட்டில் அதன் வாஷர் தளர்ந்து கசியும். டேங்கைச் சுத்தம் செய்த புதிதில் கொஞ்ச நாள் போட்டுப் பார்ப்பதற்கு வேண்டுமானால் சரி. அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள், எக்ஸாஸ்ட்டுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்.

நிறுத்தி வைக்கும்போது

அடைப்பு ஓடும்போது பிறப்பதைவிட நிற்கும்போது பிறப்பதுதான் அதிகம். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் இரும்பு டேங்கை ஏறக்குறைய நிரப்பி வையுங்கள். காற்று குறைந்தால் ஈரமும் குறையும். ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றுவதானால் புதுப் பெட்ரோலில் ஊற்றி, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரச் செய்யுங்கள். கெட்டுப்போன பெட்ரோலை அது திருத்தாது. எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அந்தக் கடைசி நிரப்பலுக்கு அதைப் பயன்படுத்துங்கள். நீண்ட காலம் நிற்கும் என்றால் ஃப்ளோட் சேம்பரை வடித்துவிடுவது நல்லது. சின்ன சேம்பரில் மிச்சமிருக்கும் பெட்ரோல்தான் முதலில் காய்ந்து பிசினாகும். வருடக்கணக்கில் நின்ற வண்டியை எழுப்புவதாக இருந்தால் பழைய பெட்ரோலோடு செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். முதல் சில சுற்றிலேயே டேங்கின் கசடு முழுதும் பம்புக்கு வந்துவிடும். தற்காலிக டேங்கில் புதுப் பெட்ரோல் கொடுத்து இன்ஜினை எழுப்புங்கள். டேங்க் வேலை தனியாக நடக்கட்டும்.

கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள பழைய வண்டிகளுக்கு, உதாரணமாக 1967இல் வந்த பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக், 1973இல் வந்த கே-ஜெட்ரானிக், தேடும் வரிசை இதேதான். கை வைக்கும் விதம் வேறு. கே-ஜெட்ரானிக்கில் அழுத்தம் 5 பார் (ஏறக்குறைய 70 பி.எஸ்.ஐ.) அளவில் இருக்கும், இன்ஜினை அணைத்த பிறகும் டியூபில் தங்கியிருக்கும். ஹோஸைச் சும்மா உருவிவிடக்கூடாது. அழுத்தத்தை முதலில் இறக்கி, அளவுமானி மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடித்துப் புது ஃபில்டர் மாட்டியாயிற்றா? முதல் 100, 200 கி.மீ. ஓடியதும் அதைக் கழற்றி மறுபடி வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். துளியூண்டு துரு விழுந்தால் டேங்கின் மூலையில் மிச்சமிருந்தது வெளியேறுகிறது. இன்னொரு ஃபில்டர் போட்டு, அடுத்த 500 கி.மீ.யில் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் சரி. முதல் தடவை அளவுக்கே மறுபடியும் விழுந்தால் டேங்கை இன்னொரு முறை இறக்க வேண்டியதுதான்.